வாய் திறந்து உறங்கும் குழந்தையின் முகம்

1970களில் சான் பிரான்சிஸ்கோவின் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் எகில் ஹார்வோல்ட் என்ற பல்சீரமைப்பு ஆய்வாளர் ஒரு சோதனை செய்தார். வளரும் வயதிலிருந்த ரீசஸ் குரங்குகளின் மூக்குத் துளைகளைச் சிலிக்கோன் அடைப்பான்களால் படிப்படியாக அடைத்தார். இன்றைய நெறிமுறைக் குழுக்கள் அவ்வளவு எளிதில் அனுமதிக்காத வேலை அது. மூக்கால் மட்டுமே மூச்சுவிட்டுப் பழகிய குரங்குகள் வேறு வழியின்றி வாயைத் திறந்தன. திறந்த விதம் ஒன்றுபோல் இல்லை. சில, கீழ்த்தாடையை எந்நேரமும் தொங்கவிட்டன. சில, ஒவ்வொரு மூச்சுக்கும் வாயைத் திறந்து மூடின. வேறு சில, நாக்கை முன்னே நீட்டி வைத்துக்கொண்டன. நாளடைவில் அவற்றின் முகம் மாறியது. முகம் நீண்டது, பல்வரிசை ஒடுங்கியது, மேல்கீழ்ப் பற்கள் சரியாகப் பொருந்தாமல் போயின. தாடையையும் நாக்கையும் எந்தக் குரங்கு எப்படி வைத்துக்கொண்டதோ, அதைப் பொறுத்தே அதன் கோணலும் அமைந்தது.

இந்தச் சோதனையை மேற்கோள் காட்டுகிறவர்கள் பெரும்பாலும் முதல் பாதியோடு நிறுத்திக்கொள்கிறார்கள்: மூக்கடைப்பு முகத்தைக் கெடுக்கும் என்று. என் வாசிப்பில் முக்கியமானது இரண்டாம் பாதிதான். எலும்பை மாற்றியது அடைப்பு அல்ல. அடைப்பைச் சமாளிக்கத் தசைகள் எடுத்துக்கொண்ட நிலை. ஒரே அடைப்புக்குப் பல முகங்கள் கிடைத்தன. குழந்தைகளின் தூக்க மூச்சடைப்பைப் பற்றி, டாக்டர்கள் ஸ்லீப் ஆப்னியா என்று சொல்வதைப் பற்றி, இன்று நடக்கும் விவாதங்களில் பாதி இந்த வேறுபாட்டைத் தவறவிடுவதால் வருகிறது.

முதலில் மூச்சு போகும் இடத்தைப் பார்க்கலாம். வாயின் கூரையும் மூக்கின் தரையும் ஒரே எலும்புத் தகடு. அண்ணம் ஒடுங்கி மேலே குவிந்தால் மூக்கின் உள்ளறையும் ஒடுங்குகிறது. இந்த அண்ணத்தை அகலமாக வைத்திருப்பதில் நாக்குக்குப் பங்கு உண்டு. வாய் மூடி, மூக்கால் மூச்சுவிடும் குழந்தையின் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக் கிடக்கும். கன்னத்துத் தசைகள் வெளியிலிருந்து அழுத்த, நாக்கு உள்ளிருந்து தாங்கும். வாய் திறந்தால் நாக்கு கீழே இறங்கிவிடுகிறது. கன்னங்களின் அழுத்தத்துக்கு எதிர்ப்பு இல்லை. மேல்தாடை ஆங்கில ‘யு’ எழுத்தின் வடிவத்தை விட்டு ‘வி’ வடிவத்துக்கு நகர்கிறது. தொங்கும் கீழ்த்தாடை முன்னோக்கி வளராமல் கீழ்நோக்கியும் பின்னோக்கியும் சுழன்று வளர்கிறது. நாக்கை முன்னே இழுத்துப் பிடிக்கும் முக்கியத் தசை மோவாயின் உட்புறத்தில்தான் தொடங்குகிறது. மோவாய் பின்தங்கினால் நாக்கின் அடிப்பகுதியும் தொண்டையை நோக்கிப் பின்வாங்கும்.

தொண்டைக்கு மூச்சுக்குழாயைப்போல் குருத்தெலும்பு வளையங்கள் கிடையாது. அது தசையாலான நெகிழ்குழாய். விழித்திருக்கும்போது தசைகள் விறைப்பாக இருந்து அதைத் திறந்து வைக்கின்றன. தூங்கும்போது, குறிப்பாகக் கனவுத் தூக்கத்தில், அந்த விறைப்பு தளர்கிறது. குழாயின் ஆரம் பாதியானால் சீரான ஓட்டத்தில் காற்றுக்கான தடை பதினாறு மடங்காகும் என்பது இயற்பியல் விதி. ஓரிரு மில்லிமீட்டர் வித்தியாசம் பகலில் ஒன்றுமில்லாமலும் இரவில் எல்லாமுமாகவும் இருப்பதற்குக் காரணம் இதுதான்.

மனிதக் குழந்தை இந்தச் சிக்கலோடு பிறப்பதில்லை. பிறந்த குழந்தையின் குரல்வளை கழுத்தில் மிக உயரத்தில் இருக்கிறது. அதன் மூடி மென்னண்ணத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும். மூக்கிலிருந்து நுரையீரலுக்குத் தனி வழி. அதனால்தான் சிசு பால் குடித்துக்கொண்டே மூச்சும் விடுகிறது. மூக்கு அடைத்தால் தவித்துப்போகிறது. பிறகு குரல்வளை கீழே இறங்குகிறது. நாக்கின் பின்பகுதியும் தொண்டைக்குள் இறங்குகிறது. பேச்சுக்கு வேண்டிய நீண்ட குழல் கிடைக்கிறது. கூடவே உறக்கத்தில் மடங்கி அடையக்கூடிய ஒரு பகுதியும் வந்து சேர்கிறது. அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர் டெரன்ஸ் டேவிட்சன் 2003இல் எழுதிய கட்டுரையில், பேச்சுக்காக மனித உடல் கொடுத்த விலைதான் தூக்க மூச்சடைப்பு என்று வாதிட்டார். நிரூபிக்க முடியாத வாதம்தான். உடற்கூறு அதற்கு ஒத்துப்போகிறது.

இரண்டு வயதுக்கும் எட்டு வயதுக்கும் இடையில் இந்த இடத்துக்குப் போட்டியாளர்கள் வருகிறார்கள்: டான்சிலும் அடினாய்டும். மூக்கின் பின்புறம் அடினாய்டு என்னும் நிணநீர்த் திசு பெருத்து மூச்சை அடைப்பதை 1868இல் கோபன்ஹேகன் மருத்துவர் வில்ஹெல்ம் மேயர் விவரித்தார். அடுத்த இருபதாண்டுகளில் அது ஐரோப்பிய மருத்துவத்தின் பெரிய பேச்சானது. 1889இல் லண்டனின் வில்லியம் ஹில், பள்ளியில் பின்தங்கிய, மந்தமான குழந்தைகள் சிலரிடம் மூக்கடைப்பும் குறட்டையும் இருப்பதைப் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதினார். 1892இல் வெளிவந்த வில்லியம் ஆஸ்லரின் புகழ்பெற்ற மருத்துவ நூலும் வாய் திறந்த, களையற்ற முகத்தோடு இரவில் அமைதியின்றித் தூங்கும் குழந்தையைச் சித்திரித்தது. நீண்ட முகம், திறந்த உதடு, கண்ணுக்குக் கீழே கருமை, குறுகிய மேல்வரிசை. இதற்கு ‘அடினாய்டு முகம்’ என்றே பெயர் வந்தது.

பிறகு ஏறக்குறைய எழுபது, எண்பது ஆண்டுகள் இந்த அவதானிப்பு பாடப்புத்தகத்திலேயே தூங்கியது. டான்சில் அறுவை கோடிக்கணக்கில் நடந்தது. ஆனால் பெரும்பாலும் தொற்றுக்காக, மூச்சுக்காக அல்ல. 1976இல் ஸ்டான்ஃபோர்டில் பிரெஞ்சு மருத்துவர் கிறிஸ்டியன் கில்மினோ தன் சகாக்களுடன் எட்டுக் குழந்தைகளின் தூக்கத்தை இரவு முழுக்கப் பதிவுசெய்து வெளியிட்ட கட்டுரைதான் இதை மறுபடி எழுப்பியது. அந்தக் குழந்தைகளிடம் குறட்டையோடு பகல் தூக்கம், படிப்பில் சரிவு, படுக்கையில் சிறுநீர் கழித்தல், காலைத் தலைவலி ஆகியவை இருந்தன. சிலருக்கு இரத்த அழுத்தமும் ஏறியிருந்தது. வயதானவர்களின், பருமனானவர்களின் நோய் என்று நினைத்திருந்தது பள்ளிச் சிறுவர்களிடம் இருந்தது.

குழந்தையிடம் அது வேறு வேடம் போடுகிறது. பெரியவர்களைப்போல் பகலில் சாய்ந்து விழுவதைவிட, அமைதியற்று ஓடுவதும் கவனம் சிதறுவதுமே அதிகம். இரவில் கழுத்தைப் பின்னுக்கு வளைத்துப் படுப்பது, வியர்த்துக் கொட்டுவது, உருண்டுகொண்டே இருப்பது இவையெல்லாம் தடயங்கள். தூக்க ஆய்வில் பெரியவர்களுக்கு மணிக்கு ஐந்து மூச்சுத் தடைகள் வரை இயல்பு என்று கொள்கிறார்கள். குழந்தைக்கு ஒன்றைத் தாண்டினாலே கவனிக்கிறார்கள். அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2012இல் தொகுத்த ஆய்வுகளின்படி, குழந்தைகளில் 1.2 முதல் 5.7 சதவீதம் வரை இது காணப்படுகிறது. நம் வீடுகளில் ‘பிள்ளை அசந்து தூங்குது’ என்பதற்கான சாட்சியாகவே குறட்டையை எடுத்துக்கொள்கிறோம். எப்போதாவது சளி பிடித்தபோது வரும் குறட்டை வேறு. வாரத்தில் மூன்று இரவுக்கு மேல், மாதக்கணக்கில் வருவது வேறு.

இனி முகத்துக்கே வரலாம். குரங்குச் சோதனைக்கு முன்பே, 1970இல், ஸ்வீடனின் ஸ்டென் லிண்டர்-ஆரோன்சன் அடினாய்டு பெருத்த குழந்தைகளின் தலை எக்ஸ்ரேக்களையும் பல் அச்சுகளையும் அளந்தார். ஒடுங்கிய மேல்வரிசை, செங்குத்தாகச் சரிந்த கீழ்த்தாடை, பின்சாய்ந்த முன்பற்கள். அவருடைய வேலையின் பலம் அதோடு நிற்காததில் இருக்கிறது. அடினாய்டை எடுத்தபின், மூக்கால் மூச்சுவிடத் தொடங்கிய குழந்தைகளைத் தொடர்ந்து அளந்தார். பல்வரிசை அகலப்பட்டது, முன்பற்கள் நிமிர்ந்தன, அடுத்த சில ஆண்டுகளில் தாடையின் சரிவும் குறைந்தது. முழுமையாக அல்ல; எல்லாரிடமும் ஒரே அளவிலும் அல்ல. ஆனால் அடைப்பை நீக்கியதும் வளர்ச்சியின் திசை மாறக்கூடும் என்பதற்கு இதைவிட நேரடியான மனிதச் சான்று அந்தக் காலத்தில் இல்லை. ஹார்வோல்டின் குழுவினரும் பின்னர் அடைப்பான்களை எடுத்த குரங்குகளிடம் ஓரளவு மீட்சியைக் கண்டார்கள்.

எதிர்த்திசையிலும் வழி உண்டு. முகம் முதலில், மூச்சடைப்பு பிறகு. இதற்குப் பிறவிக் குறைபாடுகளைவிடத் தெளிவான சான்று இல்லை. 1923இல் பிரெஞ்சு மருத்துவர் பியர் ராபின் விவரித்த குழந்தைகளுக்குக் கீழ்த்தாடை மிகச் சிறியது. நாக்கு பின்னே விழுந்து தொண்டையை அடைக்கும். பலருக்கு அண்ணப் பிளவும் இருக்கும். குப்புறப் படுக்க வைப்பதிலும் மூக்கு வழிக் குழாயிலும் சமாளிக்க முடியாதபோது, தாடையெலும்பை வெட்டி, இடையே பொருத்திய கருவியால் நாளுக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர் வீதம் விலக்கி, நடுவில் புது எலும்பு வளரச் செய்கிறார்கள். ரஷ்யாவில் இலிசரோவ் கைகால் எலும்புகளுக்காக உருவாக்கிய முறையை நியூயார்க்கின் ஜோசப் மெக்கார்த்தி 1992இல் மனிதத் தாடைக்குக் கொண்டுவந்தார். தாடை முன்னே வர, நாக்கும் கூடவே வருகிறது, மூச்சு திறக்கிறது. டவுன் சிண்ட்ரோம் குழந்தைகளுக்கு முகத்தின் நடுப்பகுதி சிறிது, தசை விறைப்பும் குறைவு. அவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்குத் தூக்க மூச்சடைப்பு உண்டு. அறிகுறி இருந்தாலும் இல்லாவிட்டாலும் நான்கு வயதுக்குள் ஒரு தூக்க ஆய்வு செய்துவிட வேண்டும் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் பரிந்துரைக்கிறது.

ஆக இரு திசையிலும் உண்மை இருக்கிறது. மூச்சு முகத்தை வளைக்கிறது, முகம் மூச்சை நெரிக்கிறது. கில்மினோ தன் கடைசி இருபதாண்டுகளில் இந்தச் சுழற்சியையே மையமாக வைத்துப் பேசினார். சின்ன வயதில் ஏற்படும் சிறு அடைப்பு முக வளர்ச்சியைத் திருப்பிவிடும், திரும்பிய முகம் அடைப்பைப் பெருக்கும் என்பது அவர் வாதம். அழகான வாதம். அழகாக இருப்பதாலேயே நான் கொஞ்சம் நிதானிக்கிறேன். ஏனென்றால் சாதாரணக் குழந்தைகளில் அளந்து பார்த்தால் எண்கள் அடக்கமாகத்தான் பேசுகின்றன. 2013இல் ஆஸ்திரேலியாவிலிருந்து வெளிவந்த ஒரு தொகுப்பாய்வில், மூச்சடைப்புள்ள குழந்தைகளின் தாடைக் கோணங்கள் மற்றவர்களிடமிருந்து சராசரியாக இரண்டு டிகிரிக்கும் குறைவாகவே வேறுபட்டன. அதை எழுதியவர்களே மருத்துவ ரீதியில் விளிம்பு நிலை வித்தியாசம் என்றார்கள். 2004இல் பிலடெல்பியா குழுவினர் எம்.ஆர்.ஐ. கொண்டு கீழ்த்தாடையை முப்பரிமாணத்தில் அளந்தபோது, நோயுள்ள குழந்தைகளுக்கும் இல்லாதவர்களுக்கும் அளவில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. அவர்கள் கண்ட பெரிய வேறுபாடு மென்திசுவில், அதாவது டான்சிலிலும் அடினாய்டிலும்தான்.

அப்படியானால் டான்சிலையும் அடினாய்டையும் எடுத்தால் தீர்ந்துவிட வேண்டும். பெரும்பாலோருக்குத் தீர்கிறது, எல்லாருக்கும் அல்ல. கரோல் மார்கஸும் சகாக்களும் 2013இல் வெளியிட்ட சாட் ஆய்வு, 5 முதல் 9 வயதுக்குட்பட்ட 464 குழந்தைகளைக் குலுக்கல் முறையில் பிரித்தது. ஒரு பிரிவுக்கு உடனே அறுவை, மற்றதற்கு ஏழு மாதக் காத்திருப்பு. அறுவை செய்தவர்களில் 79 சதவீதத்தினருக்குத் தூக்கப் பதிவு சீரானது. காத்திருந்தவர்களிலும் 46 சதவீதத்தினருக்குத் தானாகவே சீரானது. கவனம், திட்டமிடல் தேர்வுகளில் குறிப்பிடத்தக்க வித்தியாசமில்லை. நடத்தையிலும் வாழ்க்கைத் தரத்திலும் அறுவைப் பிரிவு முந்தியது. பாதிக்குச் சற்றுக் குறைவானோர் ஒன்றும் செய்யாமலே மீண்டார்கள் என்ற செய்தியைப் பதறும் பெற்றோரிடம் சொல்ல வேண்டும். அதே நேரம், இந்த ஆய்வில் மிகக் கடுமையான நோயாளிகள் சேர்க்கப்படவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ராகேஷ் பட்டாச்சார்ஜியும் சகாக்களும் 2010இல் பல மையங்களிலிருந்து தொகுத்த 578 குழந்தைகளில், மணிக்கு ஒன்றுக்கும் கீழ் என்ற கறாரான அளவுகோலில் முழுதாகக் குணமானவர்கள் 27 சதவீதமே. அந்த 578 பேரில் ஏறக்குறையப் பாதிப்பேர் உடல் பருமன் கொண்டவர்கள். எண்ணை அதோடு சேர்த்தே படிக்க வேண்டும்.

அறுவைக்குப் பின்னும் எஞ்சும் இந்த மிச்சத்தில்தான் முகவெலும்பின் கேள்வி உயிர்பெறுகிறது. பருமன், ஆஸ்துமா, மூக்கு ஒவ்வாமை ஆகியவற்றோடு, குறுகிய அண்ணமும் பின்தங்கிய தாடையும் மிச்ச நோய்க்குக் காரணங்களாகப் பேசப்படுகின்றன. டான்சில் என்பது நெருக்கடியான பாதையில் நிறுத்திய வண்டி. வண்டியை எடுத்துவிட்டால் போக்குவரத்து நடக்கும், பாதையே குறுகலாக இருந்தால் இன்னொரு சின்னத் தடைக்கும் அது நின்றுபோகும். சராசரியில் இரண்டு டிகிரி என்பது சின்ன எண்தான். ஆனால் சராசரிக்குள் ஒரு சில குழந்தைகளின் பெரிய வித்தியாசம் கரைந்துபோகவும் கூடும். அந்தச் சிலர் யார் என்று கண்டுபிடிப்பதே சிகிச்சையின் சவால்.

இங்கேதான் பல்மருத்துவர் வருகிறார். மேல்தாடை நடுவில் ஒரு பொருத்துக்கோட்டோடு இரு பாதிகளாக வளர்கிறது. வளரிளம் பருவம்வரை அது இறுகுவதில்லை. 1860இலேயே அமெரிக்காவின் எமர்சன் ஏஞ்சல், திருகு பொருத்திய கருவியால் ஒரு சிறுமியின் மேல்தாடையை அகலப்படுத்தியதாக எழுதினார். அப்போது பலர் நம்பவில்லை. இன்று அது வழக்கமான சிகிச்சை. அண்ணத்தில் பொருத்திய கருவியின் திருகை வீட்டில் அம்மாவோ அப்பாவோ சிறு சாவியால் நாள்தோறும் கால் மில்லிமீட்டர் அளவில் திருப்புகிறார்கள். சில நாட்களில் முன்பற்களுக்கு நடுவே இடைவெளி விழும். பெற்றோர் திகைப்பார்கள், எலும்பு பிரிந்ததற்கு அதுவே அடையாளம். மூக்கின் தரையும் அகலமாகிறது. 2004இல் இத்தாலியின் பாவ்லா பிரெல்லி, கில்மினோவுடன் சேர்ந்து, டான்சில் அடினாய்டு பெருக்கமோ பருமனோ இல்லாத 31 குழந்தைகளுக்கு இதைச் செய்தார். மணிக்குச் சராசரி 12.2 என்றிருந்த தடைகள் நான்கு மாதத்தில் ஒன்றுக்கும் கீழே இறங்கின.

எண் பிரமாதம். ஒப்பீட்டுக் குழு இல்லை. தேர்ந்தெடுத்த குழந்தைகள். சாட் ஆய்வின் காத்திருந்த பிரிவில் தானாகவே மீண்டவர்களை நினைத்தால், ஒப்பீடு இல்லாத எந்த எண்ணையும் பாதி நம்பிக்கையோடுதான் எடுக்க முடியும். 2017இல் மக்காரியோ கமாச்சோ குழுவினர் 17 ஆய்வுகளில் இருந்த 314 குழந்தைகளைத் தொகுத்தபோது, மணிக்கான தடைகளின் சராசரி 8.9இலிருந்து 2.7 ஆனது. பலன் இருக்கிறது. குறுகிய அண்ணம் இருக்கும் குழந்தைக்கு அது அர்த்தமுள்ள வழி. அகலமான அண்ணமுள்ள குழந்தைக்கு ‘மூச்சுக்காக’ என்று சொல்லி விரிப்பான் மாட்டுவதற்கு இந்த எண்கள் உரிமம் தரவில்லை. அமெரிக்கப் பல்சீரமைப்பாளர் சங்கம் 2019இல் வெளியிட்ட அறிக்கையும் ஏறக்குறைய இந்த இடத்தில்தான் நிற்கிறது. நோயைக் கண்டறிவது மருத்துவரின் வேலை. பல்மருத்துவர் சல்லடை போடலாம், துணை நிற்கலாம்.

அந்த எச்சரிக்கைக்குத் தேவை இருக்கிறது. ‘ஏர்வே’ என்ற சொல்லைப் பலகையில் சேர்த்துக்கொண்ட பல் கிளினிக்குகள் உலகெங்கும் பெருகிவிட்டன. கிளிப் போடுவதற்காகக் கடைவாய்ப் பல்லுக்கு முந்திய பல்லைப் பிடுங்கினால் பின்னாளில் மூச்சடைப்பு வரும் என்று பயமுறுத்துகிறவர்கள் உண்டு. 2015இல் 5,500க்கும் மேற்பட்டவர்களின் மருத்துவப் பதிவுகளை ஆராய்ந்தபோது, அந்தப் பல் இல்லாதவர்களிடம் நோய் கூடுதலாக இல்லை. நாக்கை அண்ணத்தில் அழுத்திவைத்தே முகத்தை மாற்றிவிடலாம் என்று கைப்பேசித் திரையில் பரவும் ‘மியூவிங்’ பழக்கத்துக்கும் சோதித்த ஆதாரம் இல்லை. நாக்கு வைக்கும் நிலை வளரும் எலும்பைப் பாதிக்கிறது என்ற மெய்யான விஷயத்திலிருந்து, வளர்ந்து முடிந்த இளைஞனின் தாடையை மாற்றும் வாக்குறுதிக்கு ஒரே தாவலில் போய்விடுகிறார்கள்.

இன்னொரு பெரிய வாதமும் உண்டு: மென்மையான உணவு தாடைகளைச் சுருக்கிவிட்டது என்பது. மானுடவியலாளர் ராபர்ட் கொருச்சினி 1980களில் சண்டிகர் நகரத்து இளைஞர்களையும் பஞ்சாபின் கிராமத்து இளைஞர்களையும் ஒப்பிட்டு, கடினமாக மென்று தின்ற கிராமத்தவரின் பற்கள் சீராக அமைந்திருப்பதைக் காட்டினார். ஹார்வர்டின் டேனியல் லீபர்மன் 2004இல் ஹைராக்ஸ் என்னும் சிறு விலங்குகளை வைத்துச் செய்த சோதனையில், மென்மையாக வேகவைத்த உணவு தின்றவற்றின் முகத்தின் கீழ்ப்பகுதி ஏறத்தாழ 10 சதவீதம் குறைவாக வளர்ந்தது. பற்கள் நெரிவதற்கு இது நல்ல விளக்கம். அங்கிருந்து தூக்க மூச்சடைப்புக்குப் போக இடையில் பல கண்ணிகள் வேண்டும். அவற்றை யாரும் இன்னும் கோத்துத் தரவில்லை. குழந்தைக்கு முறுக்கும் கரும்பும் கொடுப்பதில் தவறில்லை. குறட்டைக்கு மருந்தாகக் கொடுக்க வேண்டாம்.

நடைமுறையில் பெரிய இடைவெளி வேறொரு இடத்தில் இருக்கிறது. தொண்டையைப் பார்க்கும் இ.என்.டி. மருத்துவர் டான்சிலின் பருமனைக் குறித்துக்கொள்கிறார். அண்ணத்தின் அகலத்தைப் பார்ப்பது அபூர்வம். அண்ணத்தைப் பார்க்கும் பல்மருத்துவர் பற்களின் நெரிசலைக் குறிக்கிறார். இரவில் பிள்ளை எப்படித் தூங்குகிறான் என்று கேட்பது அபூர்வம். பள்ளி ஆசிரியரிடம் குழந்தை ‘துறுதுறு’வாகத் தெரிகிறது, குழந்தை மருத்துவரிடம் எடை கூடாத குழந்தையாகத் தெரிகிறது. மூக்கில் அடிக்கும் ஸ்டீராய்டு மருந்துக்கே அடினாய்டு சுருங்கி மீளும் குழந்தைகள் உண்டு. கருவியோ கத்தியோ வேண்டாதவர்கள். டான்சில் அறுவை முடிந்து, குறட்டை நின்றதும் குடும்பம் மருத்துவமனைப் பக்கம் திரும்புவதில்லை. ஆனால் அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகத்தின் 2012ஆம் ஆண்டு வழிகாட்டுதல் அறுவைக்குப் பின் எல்லாக் குழந்தைகளையும் மறுபடி பார்க்கச் சொல்கிறது. நோய் கடுமையாக இருந்தவர்களுக்கும் பருமனானவர்களுக்கும் இன்னொரு தூக்க ஆய்வு வேண்டும் என்கிறது. அந்த மறுபார்வையின்போது வாயைத் திறக்கச் சொல்லி அண்ணத்தையும் ஒருமுறை பார்த்துவிட அரை நிமிடம் போதும். பொருத்துக்கோடு இறுகுவதற்கு முன் அது நடக்க வேண்டும்.